காரிடாரில் பன்னிரண்டு அறை, பேச ஒருவர் இல்லை

கேள்வி:

மேடம், எனக்கு வயது 23. திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். ஆகஸ்ட் கடைசியில் ஸ்வீடன் வந்து உப்சாலா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. படிக்கிறேன். ஃப்ளோக்ஸ்டாவில் மாணவர் குடியிருப்பில் அறை. ஒரு காரிடாரில் பன்னிரண்டு அறை, எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. மூன்று மாதத்தில் ‘ஹேய்’ என்பதைத் தாண்டி யாரும் என்னிடம் பேசியதில்லை. ஒருநாள் கடுகு தாளித்தேன். ஒரு பெண் எழுந்து போய், ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைத் திறந்துவிட்டாள். அன்றிலிருந்து எல்லோரும் போன பிறகு ஒன்பதரைக்கு மேல்தான் சமைக்கிறேன். ஃபிரிட்ஜில் ஸ்வீடிஷில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, அதில் என் பெயரும் இருக்கிறது. என்னைப் பற்றிய புகாரோ என்று பயம். பரீட்சையில் ஒரு பாடம் போய்விட்டது. ஊரில் எனக்கு ஒரு அரியர்கூடக் கிடையாது. மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது. மாலை ஆறிலிருந்து ஏழரை வரை அம்மாவோடு வீடியோ காலில் இருப்பேன், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். காலையில் எழுந்திருக்கவே மனமில்லை. அப்பா நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார். அடுத்த பருவத்துக் கட்டணமும் கட்டியாகிவிட்டது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வரலாம். வந்தால் வானம் ஒன்றும் இடிந்து விழாது. ஆனால் அந்த முடிவை நவம்பரில் எடுக்க வேண்டாம். அடுத்த பருவத்துக்குப் பணம் கட்டியாயிற்று, ஆகவே மார்ச் கடைசி வரை இந்தக் கேள்வியைத் தள்ளிப் போடுங்கள். ஸ்வீடனில் மாணவர் நல ஆலோசகராக வேலை பார்க்கிறவள் நான். ‘போய்விடட்டுமா’ என்று என் அறைக்கு வரும் வெளிநாட்டு மாணவர்கள் பெரும்பாலும் நவம்பரிலும் ஜனவரியிலும்தான் வருவார்கள். அதே கேள்வியோடு ஒருவர் மே மாதம் வந்தால், அவரிடம் டிக்கெட்டைப் பற்றியே பேசத் தொடங்குவேன். நவம்பரில் வருகிறவரிடம் அப்படிப் பேச மாட்டேன்.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தபோது அதிலிருந்த நேரங்களைத் தனியாகக் குறித்துப் பார்த்தேன். ஸ்வீடன்காரர்கள் இரவுச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிடுவார்கள். ஐந்தரையிலிருந்து ஏழு, ஏழரை வரை காரிடார் சமையலறையில் ஆள் இருக்கும். ஒருவர் பாஸ்தா வேகவைப்பார், ஒருவர் மறுநாள் மதியத்துக்கு டப்பா கட்டுவார், ஒருவர் சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்திருப்பார். அந்த நேரம் முழுக்க நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவோடு பேசுகிறீர்கள். ஒன்பதரைக்கு நீங்கள் வெளியே வரும்போது எல்லோரும் அறைக்குப் போயிருப்பார்கள். மூன்று மாதமாக ஒரே வீட்டில் இருந்தும் அவர்களுக்கும் உங்களுக்கும் சந்திக்க நேரமே அமையவில்லை.

முதல் மாற்றம் இதுதான்: அம்மாவோடு பேசும் நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள். குளிர்காலத்தில் இரண்டு ஊருக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். நீங்கள் ஏழரைக்கு முடிக்கிற வீடியோ கால் ஊரில் நள்ளிரவில் முடிகிறது. கிராமத்தில் அம்மா அதுவரை தூக்கத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உங்களுக்குக் காலை ஏழரை என்றால் அங்கே நண்பகல். கால் மணி நேரம் பேசிவிட்டுக் கிளம்புங்கள். எழுந்திருக்க மனமில்லை என்கிற ஆளுக்கு அம்மா கூப்பிடுவதைவிட நல்ல அலாரம் கிடைக்காது. மாலை நேரமும் உங்கள் கைக்கு வந்துவிடும்.

அப்புறம் அந்த ஜன்னல். கடுகு வெடித்து மிளகாய் கருகினால் நம் வீட்டில் அம்மாவே இருமிக்கொண்டு ஜன்னலைத் திறப்பார். அந்தப் பெண் செய்ததும் அதுதான். உங்களுக்கு உறைத்தது அவள் ஒரு வார்த்தை பேசாதது. பேசியிருந்தால் உங்களைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்று அவள் நினைத்திருக்கவே வாய்ப்பு அதிகம். தாளிக்கும் முன் அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள், சமையலறைக் கதவைச் சாத்துங்கள். புகையில் அபாய மணி அடித்துவிட்டால் எல்லோரும் குளிரில் போய் நிற்க வேண்டும். அந்த வழியில் அறிமுகமாவது நல்லதில்லை. மற்றபடி ஆறு மணிக்கே சமையுங்கள். கொஞ்சம் கூடுதலாகவே செய்யுங்கள். ‘உங்களுக்கும் வேண்டுமா?’ என்று ஒருமுறை கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நம் வழக்கப்படி நாலு தடவை வற்புறுத்தினால் மிரண்டுவிடுவார்கள்.

ஃபிரிட்ஜில் இருக்கும் தாளை போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். பன்னிரண்டு பேர் பெயரும் வாரங்களின் எண்ணும் இருந்தால் அது சமையலறையைச் சுத்தம் செய்யும் முறைவைப்பு. ஸ்வீடனில் தேதியைவிட வார எண்ணில் பேசுவது அதிகம், ‘45-ஆம் வாரம் பார்க்கலாம்’ என்பார்கள். உங்கள் முறை வந்து, தெரியாமல் விட்டுப்போயிருந்தால், மற்றவர்கள் கொஞ்சம் விலகி இருப்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். துணி துவைக்கும் அறையில் முன்பதிவு நேரத்தைத் தாண்டி நின்றாலும், பொதுச் சமையலறையில் பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் போனாலும் முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள், தாள்தான் ஒட்டுவார்கள். எனக்கே இந்தப் பழக்கம் இன்னும் எரிச்சல்தான். சரி, அதை விடுங்கள். ‘என் முறையைக் கவனிக்கவில்லை, இந்த வாரம் நான் செய்கிறேன்’ என்று சமையலறையில் சத்தமாகச் சொல்லிவிட்டுச் செய்து முடியுங்கள். எத்தனை சாக்லேட் வாங்கிக் கொடுத்தாலும் கிடைக்காத நல்ல பெயர் இதில் கிடைக்கும்.

இதற்கெல்லாம் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது. நம் ஊரில் ஒருவன் ஒதுங்கி உட்கார்ந்தால் ‘என்னப்பா, ஒரு மாதிரியா இருக்க’ என்று நாலு பேர் வந்துவிடுவார்கள். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்கள். ஸ்வீடனில் கதவைச் சாத்தியவர் தனிமையை விரும்புகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அவரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது அங்கே மரியாதை. நீங்கள் யாராவது வந்து கூப்பிடட்டும் என்று காத்திருக்கிறீர்கள், அவர்களோ உங்கள் விருப்பத்துக்குக் குறுக்கே வராமல் நடந்துகொள்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால் நேரம் ஒதுக்கி முழுதாக உதவுவார்கள். கேட்காவிட்டால் வரவே மாட்டார்கள். சமையலறை, வகுப்பு, ஆஸ்பத்திரி எல்லா இடத்திலும் இதே கதைதான். ‘ஒருநாள் ஃபீகா போகலாம்’ என்று, அதாவது காபி குடித்துப் பேசலாம் என்று, வகுப்பில் யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகராதீர்கள். ‘வியாழன் மூன்று மணிக்கு?’ என்று அங்கேயே கேளுங்கள். நாள் குறித்துவிட்டால் தவறாமல் வருவார்கள். நாள் குறிக்காத காபிக்கு யாரும் வரமாட்டார்கள்.

அங்கே நட்பு பெரும்பாலும் சேர்ந்து ஒரு வேலை செய்யும் இடத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு உப்சாலாவைப் போல வசதியான ஊர் ஸ்வீடனிலேயே குறைவு. 1477-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. 1600-களில் வெவ்வேறு மாகாணங்களிலிருந்து படிக்க வந்த பையன்கள், இன்றைக்கு நீங்கள் இருப்பதுபோல ஊர் நினைப்போடு, தங்கள் பக்கத்து ஆட்களாகச் சேர்ந்துகொண்டார்கள். அப்படி உருவான மாணவர் சங்கங்கள்தான் நேஷன்கள். இன்று 13 இருக்கின்றன. 2010 வரை ஏதாவது ஒன்றில் சேர்வது கட்டாயமாக இருந்தது, இப்போது விருப்பம்தான். எந்த நாட்டுக்காரரும் எதில் வேண்டுமானாலும் சேரலாம், ஒன்றில் உறுப்பினரானால் மற்றவற்றுக்கும் போய்வரலாம். நூர்லண்ட்ஸ் என்ற நேஷன் ரொம்பப் பெரியது, கூட்டத்தில் காணாமல் போகலாம். கூச்ச சுபாவம் என்றால் கால்மார் போன்ற சிறிய ஒன்றைப் பாருங்கள்.

உறுப்பினர் அட்டை வாங்கிக்கொண்டு பார்ட்டிக்குப் போய் சுவரோரம் நின்றுவிட்டுத் திரும்பினால் இன்னும் மனசு கனக்கும். அதைச் செய்யாதீர்கள். நேஷனின் சமையலறையில் வேலை கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரஞ்ச் (காலையும் மதியமும் சேர்ந்த சாப்பாடு), வார நாட்களில் பப், மதிய ஃபீகா எல்லாவற்றையும் மாணவர்களே நடத்துகிறார்கள். வெங்காயம் வெட்டவும் தட்டு கழுவவும் எப்போதும் ஆள் தேவை. காசு கொஞ்சமாகத்தான் வரும், ஆனால் சாப்பாடு உண்டு, வேலை செய்தவர்களுக்கென்று தனியாக நன்றி விருந்தும் வைப்பார்கள். அதைவிட முக்கியம், மூன்று மணி நேரம் ஒருவரோடு நின்று வெங்காயம் உரித்தால் பேச்சை எப்படித் தொடங்குவது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. கத்தி எங்கே, உப்பு எங்கே என்பதில் தொடங்கிவிடும். ஒருமுறை போய்விட்டு முடிவு செய்யாதீர்கள். ஒரே கிழமையில், ஒரே ஷிஃப்டில் ஒரு பருவம் முழுக்கப் போங்கள். கேஸ்க் என்கிற பாட்டு விருந்துக்கு யாராவது கூப்பிட்டால் போங்கள். குடிக்க மாட்டேன், சைவம் என்றால் பதிவு செய்யும்போதே குறிப்பிடலாம். யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள்.

பெரிய காசுக்காக சைக்கிளில் உணவு டெலிவரி செய்யச் சொல்லும் சீனியர்கள் இருப்பார்கள். பனிக்கட்டி உறைந்த பாதையில், தெருவும் தெரியாத, பாஷையும் தெரியாத முதல் குளிர்காலத்தில் அது வேண்டாம் என்பது என் கருத்து. மாணவர் அனுமதியில் எவ்வளவு வேலை செய்யலாம் என்ற விதிகளையும் குடியேற்றத் துறையான மிக்ரஷூன்ஸ்வெர்க்கெட்டின் தளத்திலேயே பார்த்துவிடுங்கள், வாட்ஸ்அப் செய்தியை நம்பாதீர்கள்.

ஸ்டாக்ஹோமில் உங்களுக்குத் தமிழ்ப் பையன்கள் யாராவது தெரிந்திருக்கலாம். ரயிலில் நாற்பது நிமிடம்தான். கட்டாயம் போய்வாருங்கள், வயிறு நிறைய சாப்பிடுங்கள். ஒவ்வொரு சனி, ஞாயிறும் அங்கேயே போய்விட்டால் மட்டும் உப்சாலா உங்களுக்கு வெறும் ஹாஸ்டலாகவே இருந்துவிடும். ஆனால் கிறிஸ்துமஸ் வாரத்துக்கு இப்போதே அவர்களிடம் சொல்லி வையுங்கள். டிசம்பர் 24-க்கு முன் ஸ்வீடிஷ் மாணவர்கள் எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள், ஃப்ளோக்ஸ்டா வெறிச்சோடிவிடும். அந்த வாரம் அங்கே தனியாக இருக்கக் கூடாது.

இருட்டைப் பற்றிச் சுருக்கமாக. டிசம்பர் 21 வாக்கில் உப்சாலாவில் பகல் சுமார் ஆறு மணி நேரம்தான். காலை ஒன்பதை ஒட்டி விடியும், மதியம் மூன்றுக்கு முன் முடிந்துவிடும். அந்த ஆறு மணி நேரமும் நீங்கள் வகுப்புக்குள்ளே இருந்தால் சூரியனையே பார்க்காத வாரங்கள் வரும். பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் அரை மணி நேரம் வெளியே நடங்கள், மேகமூட்டமாக இருந்தாலும். ஆங்ஸ்ட்ரோம் கட்டடத்தில் வகுப்பு என்றால் பக்கத்திலேயே காடு இருக்கிறது. அந்த அட்சரேகையில் குளிர்கால வெயில் உடம்பில் வைட்டமின் டி உண்டாக்காது, நம் நிறத்துக்கு இன்னும் கஷ்டம். நீங்கள் மீனும் சாப்பிடாதவர் என்றால் மாத்திரை தேவைப்படலாம், மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். குளிர்காலச் சோர்வுக்கென்று விற்கும் வெளிச்ச விளக்கு சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. வாங்க அவசரம் வேண்டாம். பனி விழுந்துவிட்டால் ஊரே கொஞ்சம் வெளிச்சமாகிவிடும். மழையும் சேறுமாக இருக்கிற நவம்பர்தான் மோசம்.

எழுந்திருக்க மனமில்லை என்று ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள், நான் கடக்க மாட்டேன். இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா, சாப்பாடு குறைந்துவிட்டதா, வகுப்புக்குப் போவதே நின்றுவிட்டதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவில் நேரம் வாங்குங்கள். ஆங்கிலத்தில் பேசலாம், கட்டணம் இல்லை, நீங்கள் பேசியது ஆசிரியர்களுக்கோ வீட்டுக்கோ போகாது. எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் 1177-க்கு போன் செய்யுங்கள், நர்ஸ் ஒருவர் வழி சொல்வார். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் 90101 என்ற தற்கொலைத் தடுப்பு எண் இருக்கிறது, உடனடி ஆபத்து என்றால் 112. இந்த எண்களை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள். காரிடாரில் யாராவது ஒருவரிடம் ‘எனக்கு நாள் சரியில்லை’ என்று சொல்வதும் இதே வகைதான். சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

இரவு பத்து மணிக்கு ஃப்ளோக்ஸ்டா முழுக்க ஜன்னலைத் திறந்து கத்துவார்களே, கேட்டிருப்பீர்கள். காலங்காலமாக நடக்கிற வேடிக்கை அது. நீங்களும் ஒருநாள் கத்திப் பாருங்கள். இதை மருத்துவ ஆலோசனையாகச் சொல்லவில்லை, சும்மாதான்.

இப்போது பரீட்சை. ஊரில் அரியர் என்றால் மார்க் ஷீட்டில் நிற்கும், இன்டர்வியூவில் கேட்பார்கள், சொந்தக்காரர் வரை போய்விடும். அந்த பயத்தோடுதான் நீங்கள் தேறவில்லை என்பதைக் குறிக்கும் ‘யூ’ என்ற எழுத்தைப் பார்த்திருக்கிறீர்கள். ஸ்வீடனில் கடைசியாக வாங்குகிற சான்றிதழில் தேறிய பாடங்கள்தான் வரும், எத்தனை தடவை எழுதினீர்கள் என்பது வராது. மறுதேர்வு எழுதுவது அங்கே உள்ளூர் மாணவர்களுக்கும் சாதாரண விஷயம். பாடத்தை நடத்தியவருக்கு மெயில் போட்டுத் திருத்திய தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேராசிரியராக இருந்தாலும் முதல் பெயரைச் சொல்லி ‘ஹேய்’ என்று எழுதலாம், ரெஸ்பெக்டட் சார் தேவையில்லை. ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொன்னால் மட்டமாக நினைப்பாரோ என்று தயங்காதீர்கள். கேட்காதவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

எங்கே இடறியிருப்பீர்கள் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. வாரத்துக்குச் சில மணி நேரம்தான் வகுப்பு, மிச்ச நேரம் காலி என்று பட்டிருக்கும். அங்கே 1.5 கிரெடிட் என்றால் ஒரு வார முழு நேர உழைப்பு என்று கணக்கு. 7.5 கிரெடிட் பாடத்துக்கு ஐந்து வாரம், 200 மணி நேரம். வகுப்பு அதில் சிறு பங்குதான், மீதியை நீங்களே உட்கார்ந்து செய்ய வேண்டும். பழைய கேள்வித்தாள்கள் மாணவர்களிடம் கிடைக்கும், கேளுங்கள். இரண்டு பேரோடு சேர்ந்து கணக்குப் போடுங்கள். ஆனால் எழுதித் தரும் அறிக்கை உங்களுடையதாக இருக்க வேண்டும். நண்பனின் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவது நமக்குச் சகஜம், அங்கே அது ஒழுங்கு நடவடிக்கைக் குழு வரை போகும். ஆறு மாதம் வரை இடைநீக்கம் செய்வார்கள், தங்கும் அனுமதியே ஆட்டம் கண்டுவிடும்.

வீட்டில் சொல்வதா? நிலம் அடமானத்தில் இருக்கும்போது ‘ஃபெயில்’ என்ற வார்த்தையை அப்பாவிடம் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். உடனே சொல்லத் தேவையில்லை. மறுதேர்வு எழுதிவிட்டுச் சொல்லலாம். ஆனால் அக்காவோ சித்தப்பாவோ ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லி வையுங்கள், ‘நன்றாக இருக்கிறேன்’ என்று தினமும் நடிக்க வேண்டியது பாதியாகக் குறையும். அம்மாவிடம் பொய் சொல்லாமல் இருக்க ஒரு வழி, காலை வீடியோ காலில் ஊர்க் கதையைக் கேளுங்கள். யார் வீட்டுக் கல்யாணம், மாடு கன்று போட்டதா, மழை எப்படி. அம்மாவுக்கும் அதுதான் பிடிக்கும்.

மார்ச் மாதத்தில் மறுபடியும் போய்விடலாம் என்று தோன்றினால், விமானத்தை புக் செய்வதற்கு முன் உங்கள் துறையின் படிப்பு ஆலோசகரைப் பாருங்கள். படிப்பை நிறுத்தினால் தங்கும் அனுமதி என்ன ஆகும், முடித்த கிரெடிட்களைப் பிற்பாடு பயன்படுத்த முடியுமா, இந்த இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் வங்கியிலும் கடன் தவணை எப்போது தொடங்கும் என்று கேட்டுவிடுங்கள்.

அதுவரை ஒரு வேலை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். மறுதேர்வுக்கு நீங்களேதான் பதிவு செய்ய வேண்டும், தானாகப் பெயர் சேர்ந்துவிடாது. பரீட்சைக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் இருக்கும்போதே பதிவு மூடிவிடும், ஜனவரிப் பரீட்சை என்றால் அந்தக் கடைசி நாள் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள்ளேயே வந்துவிடும். தேதியைப் பார்த்துப் பதிவை முடித்துவிட்டு, ஆறு மணிக்குச் சமையலறைக்குப் போங்கள்.